மன்னார்குடிப் பக்கத்து ஓட்டு வீடு: இடிக்காமல் புதுப்பித்த அனுபவம்

மன்னார்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்காமல் புதுப்பித்து, கிட்டத்தட்ட முடித்துவிட்டோம். இதே மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிற பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செலவு எவ்வளவு ஆச்சு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பது. எங்கள் வீட்டில் வந்த பிரச்சினைகளில் பாதிக்கு மேல் கடைசியில் தண்ணீரில்தான் போய் முடிந்தன.

வீடு பெரியதொன்றும் இல்லை. வாசலில் திண்ணை, அதைத் தாண்டி உள்ளே போகிற நடையான ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் அடுப்படி, அதைத் தாண்டிக் கொல்லை. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. மேலே பனங்கை என்கிற பனைமரச் சட்டம், அதன் மேல் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம், சீமை ஓடு. கூடத்தில் மட்டும் தேக்குத் தூண்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொல்லையில் நின்ற தென்னை மரம் ஒன்று அடுப்படிக் கூரை மேல் சாய்ந்தது. ஊரே தென்னையை இழந்து உட்கார்ந்திருந்த நேரம், வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, யார் வீட்டுக் கூரையை யார் பார்ப்பது? தார்ப்பாயைப் போட்டு மூடினோம். அந்தத் தார்ப்பாய் ரொம்ப நாள் அப்படியே கிடந்தது. காரணம் பணம் மட்டும் இல்லை. வீடு யாருடையது என்பதே காகிதத்தில் தெளிவாக இல்லை.

அதனால் காகிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கொத்தனாரைத் தேடுவதற்கு முன்னால் இதை முடித்தே ஆக வேண்டும். தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருப்பது என்னவென்றால், பெண்களுக்குச் சொத்தில் உரிமை கொடுத்து 1989ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் வந்ததற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்குப் பிறந்த வீட்டில் பங்கு கிடையாது என்று. அந்தத் திருத்தமும் அப்புறம் வந்த 2005 மத்திய திருத்தமும் பரம்பரையாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்து பற்றியவை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லாமல் அவர் இறந்துவிட்டால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகன், மகள், மனைவி, உயிரோடு இருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சமபங்கு. ஆக, எங்கள் அத்தைகள் இரண்டு பேருக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருந்த அதே உரிமை இருந்தது. இதைச் சொன்னபோது வீட்டில் சிலருக்கு முகம் மாறியது. ஆனால் அத்தைகளிடம் நேரில் போய், "உங்களுக்கும் பங்கு இருக்கு அத்தை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டதும், வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த பல விஷயம் பேச முடிந்தது. பெரிய அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கூடத்து ஊஞ்சலைக் கழற்றக் கூடாது, அவர் வரும்போது படுக்க ஒரு இடம் வேண்டும். சித்தப்பாவுக்குப் பணமாகக் கொடுத்தோம். மூன்று பேரும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார்கள்.

பதிவு செய்வது முக்கியம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்திருக்கிற குடும்பங்கள் நிறைய. வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவாகாவிட்டால் அதை நம்பி எதுவும் செய்ய முடியாது, வங்கிக் கடனும் கிடைக்காது. இன்னொன்று, கிராமத்து வீடுகள் பெரும்பாலும் நத்தம் என்கிற ஊர்க் குடியிருப்பு இடத்தில்தான் இருக்கும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறதா, வில்லங்கச் சான்றில் ஏதாவது பழைய அடமானம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு செங்கல்லைத் தொட வேண்டும். அடுத்தவருக்கும் பங்குள்ள வீட்டில் நம் பணத்தைப் போட்டுவிட்டால் பின்னால் வருவது பணச் சண்டையோடு நிற்காது. உறவே போய்விடும்.

சரி, இனி வீட்டுக்கு வருகிறேன்.

முதலில் வந்து பார்த்த ஒப்பந்ததாரர் கூடத்துச் சுவரைக் கையால் தட்டிவிட்டு, "இது தாங்காதுங்க, இடிச்சிடலாம், சதுர அடிக்கு இவ்வளவு" என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் பொரிந்து, பூச்சு உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது நிஜம். எங்கள் பக்கத்தில் இதை ஓதம் ஏறியிருக்கிறது என்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சுவர் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அதே சுவரில் மூன்றரை, நாலு அடிக்கு மேலே போய்ப் பார்த்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு கெட்டியாக, விரல் நகத்தால் கீறக்கூட முடியாமல் நிற்கிறது. கீழே மட்டும் ஏன் இப்படி?

கீழே இருந்தது சிமெண்ட் பூச்சு. தொண்ணூறுகளில் தெருவே சிமெண்டுக்கு மாறியபோது எங்கள் வீட்டிலும் உதிர்ந்த சுண்ணாம்பைச் செதுக்கிவிட்டு சிமெண்ட் பூசினார்கள், அதற்கு மேல் எமல்ஷன் பெயிண்ட். பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையில் இருக்கிற ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும், அதனால் சுவர் ஏறக்குறைய காய்ந்தே இருக்கும். சிமெண்டும் எமல்ஷனும் வழியை அடைத்துவிட்டால் ஈரம் வெளியே வர இடம் தேடி இன்னும் மேலே ஏறும், கூடவே உப்பையும் கொண்டு போகும். அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து விரிந்து, பூச்சையும் செங்கல் முகத்தையும் சேர்த்து உடைக்கும். திரும்பத் திரும்ப சிமெண்ட் பூசினால் திரும்பத் திரும்ப உடையும். வாட்டர் ப்ரூஃப் ரசாயனம் கலந்து பூசச் சொல்லி இன்றைக்கும் கடைகளில் அறிவுரை சொல்கிறார்கள். இந்த மாதிரிச் சுவருக்கு அது நோயைக் கூட்டும் மருந்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையில் இருக்கிற காற்றின் ஈரமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் நன்றாக ஒட்டிவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் சுவர்ப் பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் நின்றால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை.

அடுத்தது, அந்த ஈரம் ஏன் இவ்வளவு அதிகமாக இருந்தது என்பது. முற்றத்தில் விழுகிற மழைநீர் ரேழிக்கு அடியில் ஒரு தூம்பு வழியாக வாசல் பக்கம் வெளியேறும்படிதான் தாத்தா கட்டியிருந்தார். அவர் காலத்தில் திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்ததாக அம்மா சொல்வார், இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. மேலே மேலே சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்குப் போட வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதற்கு முன்பே ஏறிப்போன உயரத்தை இனி என்ன செய்வது? முற்றத்துத் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாகத் தெருத் தண்ணீர் தூம்பு வழியாக உள்ளே வந்து, ரேழித் தரைக்கு அடியில் வருஷா வருஷம் தேங்கியிருக்கிறது. ஓதத்துக்கு ஊற்றுக்கண் அங்கேதான்.

ஆகவே முதல் வேலையாக வாசல் தூம்பை அடைத்தோம். முற்றத்திலிருந்து தாழ்வாரத்து ஓரமாகப் பள்ளம் எடுத்து 4 அங்குலக் குழாய் பதித்து, 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் கொடுத்து, கொல்லைக்குக் கொண்டு போய் உறைகிணறு மாதிரி ஒரு உறிஞ்சு குழியில் விட்டோம். நடுவில் ஒரு சேம்பர், இலை தழை அடைத்தால் திறந்து எடுக்க. வாட்டம் சரியாக இருக்கிறதா என்று மட்டக்குழாய் வைத்து நீங்களே நின்று பாருங்கள், குழாயை மூடின பிறகு யாரும் பார்க்க முடியாது. கொல்லைப்பக்கம் சுவரை ஒட்டி நின்ற மண் மேட்டையும் வெட்டி இறக்கினோம். வெளியிலிருந்து பார்த்தால் இந்த வேலை எதுவுமே தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "இவ்வளவு நாளா என்ன பண்ணுனீங்க?" என்றுதான் கேட்டார்கள். ஆனால் அந்த ஒரு மழைக்காலத்திலேயே ரேழிச் சுவரின் ஈரக்கோடு கீழே இறங்கியதை நான் பென்சிலால் கோடு போட்டு வைத்துப் பார்த்தேன். இந்த வீடு பிழைத்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அப்புறம் சிமெண்ட் பூச்சை முழுக்கச் செதுக்கி எடுத்தோம், ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரைக்கும். எடுத்ததும் உடனே பூசக் கூடாது. கோடை முழுக்கச் செங்கலை வெறுமனே காய விட வேண்டும். வெளியே பூத்து வருகிற உப்பைக் காய்ந்த தூரிகையால் தள்ளி, கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். அந்தச் சில மாதம் வீடு பார்க்கச் சகிக்காது, அம்மா அந்தக் கூடத்தில்தான் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தார். ரொம்பவே கஷ்டப்பட்டார். முடிந்தால் அந்தக் காலத்துக்கு வீட்டுப் பெரியவர்களை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்த ஒரு வயதான கொத்தனாரைக் கும்பகோணம் பக்கத்திலிருந்து தேடிப் பிடித்தோம். அவர் வந்த அன்றைக்கே பூச்சு வேலையைத் தொடவில்லை. கொல்லையில் தொட்டி கட்டச் சொல்லி, சுட்ட சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் விட்டார். தொட்டி கொதித்து ஆவி பறந்தது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. தாளித்த சுண்ணாம்பைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊற விட்டார். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் டிரம்மில் கடுக்காயை நசுக்கிப் போட்டு, கருப்பட்டியும் சேர்த்து ஊற வைத்தார். சில நாளில் அது புளித்து நுரைத்துக் கொல்லை முழுக்க ஒரு வாசம். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பையும் மணலையும் அரைத்தார்கள். அரைத்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், கரணையில் எடுத்துக் கவிழ்ப்பார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுவருக்குப் போகும். "ஏம்மா, சிமெண்டு நம்மள அவசரப்படுத்தும், சுண்ணாம்பு அவசரப்பட்டா கெட்டுப் போயிடும்" என்றார். ஒரு பூச்சு காய்ந்து இறுகாமல் அடுத்ததைத் தொட விடமாட்டார். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது, அதற்கு அது கேட்கிற நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். நேர் வெயில் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டோம். மேலே பெயிண்ட் கிடையாது, வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான். கையால் தடவிப் பார்த்தால் மழமழவென்று குளிர்ச்சியாக இருக்கிறது.

கூரை வேலை வேறு மாதிரி. ஓடுகளைப் பிரித்து இறக்கியபோது பல ஓடுகளின் அடியில் 1865 என்று பொறித்திருந்தது. வீடு அவ்வளவு பழையதா என்று பக்கத்து வீட்டுப் பையன் ஆச்சரியப்பட்டான். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது, பிற்காலத்தில் செய்த ஓடுகளிலும் அதையே பொறித்து வந்தார்கள். எங்கள் வீடு ஐம்பதுகளில் கட்டியது. அந்த ஓடுகள் இப்போது வருகிற ஓடுகளைவிடக் கெட்டி, உடைந்தவற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாசி போகத் தேய்த்துக் கழுவி அடுக்கினோம். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். குறைகிறதற்குப் புது ஓடு வாங்கினால் அளவும் பள்ளமும் பழையதோடு சேராது, ஒழுகும். இடிக்கிற வீடுகளிலிருந்து அதே முத்திரை ஓட்டைத் தேடி வாங்குவதுதான் வழி. நாங்கள் அப்படி வாங்கியதைக் கூடத்துப் பக்கம் போட்டோம், கலந்து போடாமல் ஒரு சரிவுக்கு ஒரே வகை ஓடு.

மரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருப்புளியை எடுத்துக் குத்திப் பாருங்கள், குறிப்பாகப் பனங்கையும் உத்திரமும் சுவருக்குள் போகிற முனையில். நடுவில் வைரமாக இருக்கிற மரம் அந்த முனையில் உளுத்துப் போயிருக்கும், ஈரச் சுவரும் கரையானும் சேர்கிற இடம் அது. எங்கள் ஆசாரி கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு, பழைய மரத்தையே இணைப்பு வெட்டிப் பொருத்தி ஆணி போல்ட் போட்டார். ஒரு உத்திரத்துக்கு இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. பரணில் கிடந்த பழைய பத்தாயத்தைப் பிரித்ததில் கிடைத்த பலகைகள் பாதிக் கதவுக்கும் ஜன்னலுக்கும் போதுமானதாக இருந்தன. அதற்குள் பழைய சாமான் வியாபாரிகள் வாசலில் வந்து நின்றார்கள், தூணுக்கும் நிலைக்கும் விலை சொல்லிக்கொண்டு. வேலை நடுவில் கையில் பணம் இல்லாத நேரத்தில்தான் சரியாக வருவார்கள். அந்த நேரத்தில் பேசவே பேசாதீர்கள். கழற்றிக் கொடுத்த தூணுக்கு ஈடாகப் புதுத் தேக்கு வாங்கப் போனால்தான் அவர்கள் கொடுத்த விலை எவ்வளவு குறைவு என்று தெரியும்.

கரையானுக்குச் சுவர் ஓரமாகத் தரையில் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கினோம். பூச்சு வேலைக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். கிணறு பக்கத்தில் இருந்தால் மருந்து அடிக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூடத்துத் தரை சிவப்பு ஆக்சைடு, அங்கங்கே வெடிப்பு. டைல்ஸ் ஒட்டச் சொல்லாதவர் இல்லை. ஆனால் ஈரத்தை விடாத டைல்ஸைத் தரை முழுக்க ஒட்டினால் தரைக்கடி ஈரம் முழுவதும் சுவருக்குத்தான் போகும், இவ்வளவு பாடுபட்டது எதற்கு? வெடிப்பை மட்டும் வெட்டி நிரப்பினோம். நிறம் சேரவில்லை, கோடு தெரியத்தான் செய்கிறது. தெரியட்டும். மெழுகும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் துடைக்கத் துடைக்க வித்தியாசம் குறைந்துகொண்டு வருகிறது.

கரண்ட் வேலையில் மட்டும் பழையதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சுவரில் அடித்த மரச்சட்டத்தில் ஓடிய பழைய ஒயரை எலி கடித்து வைத்திருந்தது, எர்த் என்பதே கிடையாது. எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாக எர்த் பைப் இறக்கி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டோம். சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் பதிப்பதைவிட உத்திரத்தை ஒட்டி வெளியிலேயே குழாய் ஓடுவது நல்லது. குளியலறை, கழிப்பறையை வீட்டுக்குள் நுழைக்காமல் தாழ்வாரத்தின் கடைசியில் தனிச் சுவர் வைத்துக் கட்டினோம், அம்மா ராத்திரியில் படி இறங்காமல் போய் வர, பிடித்துக்கொள்ளக் கம்பியோடு.

கூலி விஷயத்தில் என் கருத்து, பழைய வீட்டை சதுர அடி ரேட்டுக்கு விடவே கூடாது. எதைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்ததாரர் நஷ்டம் வராமல் இருக்கப் பழுது பார்க்க வேண்டியதை இடிப்பார், இல்லை மூடிவிடுவார். நாள் கூலிக்கு ஆள் வைத்து, சாமானை நாமே வாங்கிக் கொடுப்பதுதான் சரி. ஆனால் வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தாக வேண்டும். தம்பி பெங்களூரிலிருந்து வாரக்கடைசியில் வந்து பார்த்துக்கொண்டான், மற்ற நாள் நானும் அம்மாவும். நினைத்ததற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு பணத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், அது கட்டாயம் செலவாகும்.

டெல்டாவில் வேலை செய்கிறவர்கள் நாள் கணக்கையும் கவனிக்க வேண்டும். தை மாசம் சம்பா அறுவடை, ஆள் கிடைக்காது. மாசி பிறந்து ஆரம்பித்தால் பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் காயும், ஆனி முடிவதற்குள் ஓடு பிரித்து ஏற்றிவிட வேண்டும். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், ஏற்கெனவே தொடங்கியது நடந்துகொண்டிருந்தால் ஒன்றும் சொல்வதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை மூடியே இருக்க வேண்டும், மற்றது எல்லாம் அப்புறம்.

எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கத்துச் சுவர் இன்னும் பூசாமல் செங்கல் தெரியத்தான் நிற்கிறது. மழைக்குப் பிறகும் அங்கே உப்புப் பூக்கிறது, நின்றுவிட்டால் அடுத்த சித்திரையில் பூசலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். குரங்குகள் ஓட்டை நகர்த்துவதால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை ஏற்றிச் சரிசெய்யத்தான் வேண்டும், அதற்கென்று உபரி ஓடு இருநூறு கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறோம். பெரிய அத்தை போன மாசம் வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போனார், ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி வேண்டுமாம், பழையது சத்தம் போடுகிறது என்றார். வாங்க வேண்டும்.